பைசாண்டியம்: ஒரு பெயரின் வழக்கு

ரோமப் பேரரசு எந்த ஆண்டில் வீழ்ந்தது? நம் சங்கக் குடும்பங்களில் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கி.பி. 476 என்று சட்டென்று பதில் வரும். சரி, 1453-ஆம் ஆண்டு துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தபோது, மதிலருகே போரிட்டு உயிர்விட்டாரே பதினோராம் கான்ஸ்டண்டைன், அவர் எந்த நாட்டுச் சக்கரவர்த்தி? "பைசாண்டியப் பேரரசு" என்று அடுத்த பதில் வரும். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் அந்தக் கான்ஸ்டண்டைனையே கேட்டிருந்தால், தாம் ரோமர்களின் சக்கரவர்த்தி என்றுதான் சொல்லியிருப்பார். தம் அரசுக்குப் பைசாண்டியம் என்று ஒரு பெயர் உண்டு என்பதை அவர் அறிந்திருக்க வழியே இல்லை.

தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், சங்க நூலகத்துக்கு வரும் பெற்றோர் சிலர் இதை என்னிடம் கேட்பதுண்டு. "ஒரே அரசுக்கு எதற்கு ஸார் இரண்டு பெயர்? பையன் பரீட்சையில் எதை எழுதுவது?" என்பார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. வரலாற்று ஆராய்ச்சியாளர்களிடையே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் வழக்கு. அண்மை ஆண்டுகளில் மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. இரு தரப்பையும் இங்கே எடுத்து வைத்து, என் எண்ணத்தையும் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

முதலில் கதைச் சுருக்கம். கி.பி. 212-இல் காரகல்லா என்ற சக்கரவர்த்தி, பேரரசில் அடிமைகள் அல்லாத குடிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ரோமக் குடியுரிமை வழங்கினார். வரி வருமானத்தைப் பெருக்கத்தான் இப்படிச் செய்தார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவரே குறை கூறியிருக்கிறார். நோக்கம் எதுவாயினும் விளைவு பெரிது. அதுவரை ஓர் ஊர்க்காரர்களின் பெயராகவும், பிறகு சலுகை பெற்றவர்களின் பெயராகவும் இருந்த 'ரோமர்' என்ற சொல், அன்று முதல் ஒரு பெரிய நாட்டுக் குடிமக்கள் அனைவரின் பெயராயிற்று. கிரேக்க மொழி பேசிய ஆசியா மைனர்க்காரர், சிரியர், எகிப்தியர் எல்லோரும் ரோமர்.

330-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், முதலாம் கான்ஸ்டண்டைன் தம் புதிய தலைநகருக்கு விழா எடுத்தார். பைசாண்டியன் என்ற பழைய கிரேக்கக் குடியேற்ற ஊர் இருந்த இடம் அது. மன்னர் பெயரால் கான்ஸ்டாண்டிநோபிள் ஆயிற்று. 'புதிய ரோம்' என்றும் அழைக்கப்பட்டது. இன்றைய இஸ்தான்புல் அதுதான். 395-இல் தியோடோசியஸ் இறந்தபின், மூத்த மகன் ஆர்காடியஸ் கிழக்கையும், இளையவர் ஹொனோரியஸ் மேற்கையும் ஆண்டார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி நிர்வாகம் பிரிந்ததே தவிர, சட்டப்படி நாடு ஒன்றுதான்.

இனி அந்தப் புகழ்பெற்ற 476. ஓடோயேசர் என்ற படைத்தலைவன், மேற்கில் பொம்மையாக வீற்றிருந்த சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸைப் பதவியிலிருந்து இறக்கினான். அதன் பிறகு நடந்ததைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ரோம் நகர ஆட்சி மன்றத்தின் தூதர்கள் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த சீனோ சக்கரவர்த்தியிடம் போனார்கள். மேற்கிற்கென்று தனியாக ஒருவர் இனித் தேவையில்லை, இரு பகுதிக்கும் தாங்கள் ஒருவரே போதும் என்று சொல்லி அரச சின்னங்களை ஒப்படைத்தார்கள். ஆக, அன்றைய மனிதர்களின் கணக்கில் பேரரசு முடியவில்லை; இரண்டு சிம்மாசனம் ஒன்றாயிற்று.

மேற்கில் அரசு உண்மையாகவே சிதைந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிழக்கில் அது தொடர்ந்து நடந்தது. 527 முதல் 565 வரை ஆண்ட ஜஸ்டினியன் இத்தாலியையும் வட ஆப்பிரிக்காவையும் மீட்டார். ரோமச் சட்டங்களைத் தொகுக்கச் செய்தார். ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகளிடம் சிரியா, பாலஸ்தீனம், எகிப்து எல்லாம் போயின. 1204-இல் சிலுவைப் போருக்கென்று புறப்பட்டு வந்த மேற்கத்தியக் கிறிஸ்தவப் படையே தலைநகரைச் சூறையாடிப் பிடித்துக்கொண்டது. 1261-இல் மீட்கப்பட்டு, நலிந்து, 1453 மே 29-இல் இரண்டாம் மெஹ்மதின் பீரங்கிகளுக்கு முன் முடிந்தது. தலைநகர் விழாவிலிருந்து எண்ணினால் 1,123 ஆண்டுகள்.

பெயர் வந்த கதை

இந்த ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் அந்த மக்கள் தங்களை 'ரோமாயோய்', அதாவது ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். நாட்டுக்கு 'ரொமானியா' என்று பெயர். இன்றைய ருமேனியா வேறு. 'பைசாண்டியர்' என்ற சொல்லும் அவர்களிடம் இருந்தது. ஆனால் தலைநகரவாசி என்ற பொருளில்தான். நாம் 'பட்டணத்துக்காரர்' என்பதைப் போல.

முதலில் இந்தப் பெயருக்குச் சண்டைக்கு வந்தது மேற்கு ஐரோப்பா. 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், போப்பாண்டவர் மூன்றாம் லியோ பிராங்கியரின் அரசர் சார்லமேனுக்குச் சக்கரவர்த்தியாக முடிசூட்டினார். அப்போது கான்ஸ்டாண்டிநோபிளில் சிம்மாசனத்தில் இருந்தவர் ஐரீன் என்ற அரசி. ஒரு பெண் ஆள்வதால் அந்த இடம் காலி என்று மேற்கில் வாதம் செய்தார்கள். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாதல்லவா? ரோமச் சக்கரவர்த்தி நம்மவர் என்றால், கிழக்கில் இருப்பவர் வேறு யாரோவாக இருக்க வேண்டும். ஆகவே அவர் 'கிரேக்கர்களின் சக்கரவர்த்தி' ஆக்கப்பட்டார். 968-இல் போப்பாண்டவரிடமிருந்து வந்த கடிதம் ஒன்று, நிகெபோரஸ் போகாஸ் சக்கரவர்த்தியை இப்படியே விளித்தது. கொண்டுவந்த தூதர்களைச் சிறையில் போட்டுவிட்டார்கள். பெயர் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலிருந்து தெரியும்.

'பைசாண்டிய' என்ற அடைமொழி அந்த அரசு அழிந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து வருகிறது. ஹியரோனிமஸ் உல்ஃப் என்ற அறிஞர், கிழக்கத்திய வரலாற்றாசிரியர்களின் கிரேக்க நூல்களை 1557 முதல் பதிப்பித்தபோது இந்த அடைமொழியைக் கையாண்டார். அடுத்த நூற்றாண்டில், 1640-களின் இறுதியில், பாரிஸிலும் இத்தகைய நூல்கள் பெருந்தொகுதியாக வெளிவரத் தொடங்கின. ஆயினும் பொதுவழக்கில் 'கிரேக்கப் பேரரசு' என்பதே நெடுங்காலம் நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பைசாண்டியம் முழுவதுமாக வென்றது. அதற்கு அன்றைய அரசியலும் காரணம் என்கிறார் அந்தோணி கால்டெல்லிஸ் என்ற இன்றைய ஆராய்ச்சியாளர். புதிதாக விடுதலை பெற்ற கிரேக்க நாடு கான்ஸ்டாண்டிநோபிளுக்கு உரிமை கோரத் தொடங்கிய காலம் அது. 'கிரேக்கப் பேரரசு' என்று சரித்திரப் புத்தகத்தில் எழுதினால் அந்தக் கோரிக்கைக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பழைய ஊரின் பெயர் வசதியாக இருந்தது.

தில்லியிலிருந்து ஆண்டார்கள் என்பதற்காக முகலாயப் பேரரசுக்கு 'இந்திரப்பிரஸ்தப் பேரரசு' என்று எவரேனும் பெயர் சூட்டினால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் இதுவும்.

தனிப்பெயர் வேண்டும் என்போர்

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். அவர்கள் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை.

முதலாவது, மொழி. சீசரும் அகஸ்டஸும் ஆண்ட ரோமின் ஆட்சிமொழி லத்தீன். ஜஸ்டினியனின் பெரிய சட்டத் தொகுப்பும் லத்தீனில்தான். ஆனால் அவரே பின்னர் இயற்றிய புதுச் சட்டங்களில் பெரும்பாலானவை கிரேக்கத்தில் வந்தன. 629-இல் ஹெராக்ளியஸ் சக்கரவர்த்தி 'பாசிலியஸ்' என்ற கிரேக்கச் சொல்லைத் தம் அதிகாரப்பூர்வப் பட்டமாகக் கொண்டார். அதன்பின் லத்தீன் சடங்குச் சொற்களிலும் நாணயங்களிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, சமயம். ஜூபிடரை வணங்கிய ரோமுக்கும், 537-இல் எழுந்த ஹாகியா சோபியா தேவாலயத்தின் ரோமுக்கும் உலகக் கண்ணோட்டமே வேறு.

மூன்றாவது, நிலப்பரப்பு. எட்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோம் நகரமே அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது. ரோம் இல்லாமல் ரோமப் பேரரசா என்று கேட்கிறார்கள்.

நான்காவது, வசதி. இரண்டாயிரம் ஆண்டுச் சரித்திரத்தை ஒரே பெயரில் எழுதினால், 'ரோமச் சிற்பம்' என்றதும் எந்தக் காலம் என்று விளங்காது. பைசாண்டியக் கலை, பைசாண்டிய இசை என்றால் உடனே மனத்தில் ஒரு வடிவம் வருகிறது. 1892-இல் ஜெர்மனியில் கார்ல் க்ரும்பாக்கர் இந்தத் துறைக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். இன்று பல்கலைக்கழகங்களில் தனித் துறைகளும் அனைத்துலக மாநாடுகளும் இந்தப் பெயரில்தான் நடக்கின்றன.

வேண்டாம் என்போர்

இந்த நான்குக்கும் பதில் இருக்கிறது.

மொழியை எடுத்துக்கொண்டால், கிழக்கு மாகாணங்கள் ஒருநாளும் லத்தீன் பேசியதில்லை. அகஸ்டஸ் காலத்திலேயே அங்கே கிரேக்கம்தான் பொதுமொழி. படித்த ரோமர்களுக்கு இரண்டும் தெரியும். சக்கரவர்த்தி மார்க்கஸ் ஆரீலியஸ் தம் சிந்தனைகளைக் கிரேக்கத்தில்தான் எழுதினார். அவரை ரோமர் இல்லை என்று எவரும் சொல்வதில்லை.

சமயம் மாறியது உண்மை. ஆனால் அது கிழக்கில் மட்டும் மாறவில்லை. 380-இல் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரசின் சமயமாக்கியபோது மேற்கும் உடன் இருந்தது. 476 வரை இருந்த மேற்கு ரோமை நாம் 'ரோம்' என்றே சொல்கிறோமே?

நிலப்பரப்புக்கு ஓர் உவமை. ஹவுராத் தாவரவியல் தோட்டத்து ஆலமரத்தைக் கல்கத்தா வாசிகள் பார்த்திருப்பீர்கள். நோய் தாக்கியதால் அதன் தாய்மரத்தை 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகள் ஊன்றி இன்றும் ஒரு தோப்பாக நிற்கிறது. நம் அடையாற்று ஆலமரமும் 1989 புயலில் தாய்மரம் சாய்ந்தபின் விழுதுகளால் வாழ்கிறது. அவற்றுக்கு யாரும் புதுப்பெயர் வைக்கவில்லை. ஏனென்றால் ஒரு மரம் செத்து இன்னொன்று முளைக்கவில்லை. இடையில் ஒருநாள்கூட உயிர் அறுபடவில்லை. கிழக்கு ரோமின் கதையும் இதுதான். ஒரு சக்கரவர்த்திக்குப் பின் இன்னொருவர் என்ற வரிசை, சட்டம், வரி முறை, படை எல்லாம் மாறிக்கொண்டே தொடர்ந்தன. 1204 முதல் 1261 வரை தலைநகர் பறிபோனபோதும் நிக்கேயாவில் அரசு நடந்துகொண்டிருந்தது.

தனிப்பெயர் வேண்டும் என்போரை நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு: சரி, பைசாண்டியம் எந்த நாளில் பிறந்தது? ஒருவர் 330 என்பார். இன்னொருவர் 395. மூன்றாமவர் 476. நாணயம் சேகரிப்போர், அனஸ்தாசியஸ் நாணயச் சீர்திருத்தம் செய்த 498-இலிருந்து கணக்கெடுக்கிறார்கள். ஹெராக்ளியஸ் பட்டமேறிய 610 என்போரும் உண்டு. பிறந்த நாள் எது என்று மூன்று நூற்றாண்டுக்குள் ஐந்து தேதி சொன்னால், அந்தப் பிள்ளை உண்மையில் பிறந்ததா என்றே சந்தேகம் வருகிறது.

இந்தக் குழப்பத்தை மதுரை மண்ணிலேயே பார்க்கலாம். வைகைப் படுகையிலும் கரூரிலும் கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. 'தினமலர்' ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆர்காடியஸ், ஹொனோரியஸ் சகோதரர்களின் பெயர் பொறித்த காசுகளும் அவற்றில் உண்டு. 395-ஐப் பிறந்த நாளாகக் கொண்டால், அண்ணன் காசு பைசாண்டியம், தம்பி காசு ரோம்! ஒரே குடும்பம், ஒரே காலம், ஒரே உலோகம். அன்று அதைக் கையில் வாங்கிய மதுரை வணிகர் யவனர் காசு என்றுதான் எண்ணியிருப்பார்.

அயர்லாந்து வரலாற்றாசிரியர் ஜே.பி. பரி 1889-லேயே இதைச் சொன்னார். பைசாண்டியப் பேரரசு என்று ஒன்று தொடங்கவே இல்லை, ரோமப் பேரரசு 1453 வரை முடியவும் இல்லை என்பது அவர் வாதம். தம் நூலுக்கும் 'பிற்கால ரோமப் பேரரசின் வரலாறு' என்றே பெயரிட்டார். அவருக்கு நூறு ஆண்டு முன்னால், பெரிய புத்தகம் எழுதிய கிப்பனும் ரோமப் பேரரசின் நலிவும் வீழ்ச்சியும் என்ற தலைப்பில் 1453 வரை சொல்லிக்கொண்டு போனார். ஆனால் ஹெராக்ளியஸுக்குப் பிந்திய சக்கரவர்த்திகளின் அறுநூறு ஆண்டுக் கதையை ஒரே அத்தியாயத்தில் அடக்கிவிட்டார். பெயரைப் பறிக்கவில்லை, மதிப்பைப் பறித்துக்கொண்டார்!

'ரூம்': நமக்குத் தெரிந்த சொல்

இந்த வழக்கில் நான் பெரிதாக மதிக்கும் சாட்சி அக்கம்பக்கத்தார். ஒரு குடும்பத்தின் பெயர் என்ன என்று தெரியவேண்டுமானால், தெருவில் விசாரிப்பதுதானே முறை?

அரபியரும் பாரசீகரும் துருக்கியரும் கான்ஸ்டாண்டிநோபிள் அரசை 'ரூம்' என்றார்கள். ரோம் என்பதன் அவர்கள் உச்சரிப்பு. திருக்குர்ஆனின் 30-ஆவது அத்தியாயத்தின் பெயரே 'அர்-ரூம்'. பாரசீகத்தோடு நடந்த போரில் ரோமர் அடைந்த தோல்வியை அது குறிப்பிடுகிறது. அங்கே ரோமர் என்றது இந்தக் கிழக்கு ரோமரைத்தான். துருக்கியர் ஆசியா மைனரைப் பிடித்தபின்னும் அந்த நிலத்தின் பெயர் மாறவில்லை. அங்கே கொன்யா நகரில் வாழ்ந்து 1273-இல் மறைந்த சூஃபி கவிஞர் ஜலாலுத்தீனை உலகமே 'ரூமி' என்கிறது. ரூம் நாட்டவர் என்று பொருள்.

இப்னு பதூதாவும் ஒரு சாட்சி. 1330-களில் கான்ஸ்டாண்டிநோபிளைக் கண்ணால் பார்த்தவர். பிறகு தில்லியில் முகமது பின் துக்ளக்கிடம் வேலை பார்த்து, மதுரை சுல்தான் அரண்மனை வரை போனவர். ஆசியா மைனரை ஏன் 'ரூம் தேசம்' என்கிறார்கள் என்பதற்கு அவர் எழுதும் விளக்கம் எளிது: முன்பு அது ரோமர்களுடைய நாடாக இருந்தது.

அந்தச் சொல் நம் ஊர்களிலும் நடமாடியிருக்கிறது. 1526 பானிபட் போரில் பாபரின் துப்பாக்கிப் படையை நடத்தியவர்களில் ஒருவர் முஸ்தபா ரூமி. லக்னோவில் இருப்பவர்கள் அன்றாடம் கடந்துபோகும் ரூமி தர்வாசா, 1784-இல் நவாப் ஆசஃப் உத் தௌலா கட்டியது. நிஜாம் காலத்து ஹைதராபாத்தில் பெரிய மனிதர்கள் அணிந்த சிவப்புக் குல்லாயின் பெயர் 'ரூமி டோப்பி'. இங்கெல்லாம் ரூம் என்றால் துருக்கி. ரோமின் பெயரைத் துருக்கி சுவீகாரம் எடுத்துக்கொண்டது. நகரைப் பிடித்த இரண்டாம் மெஹ்மதே 'கைசர்-ஏ-ரூம்', ரோமின் சீசர் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார். வென்றவருக்குத் தான் எதை வென்றோம் என்று தெரிந்திருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது?

"எப்படிக் கூப்பிட்டால் என்ன, செத்துப்போன பேரரசு தானே?" என்று கேட்கலாம். இருவகையில் இது இன்றைய விஷயமும்கூட.

ஒன்று, அந்த மக்கள் முழுவதும் சாகவில்லை. பீட்டர் சரானிஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர் லெம்னோஸ் தீவில் பிறந்தவர். 1912-இல் கிரேக்கப் படை அந்தத் தீவில் இறங்கியபோது நடந்ததை அவர் சொல்லியிருக்கிறார். கிரேக்கர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கப் பிள்ளைகள் ஓடினார்களாம். நீங்களும் கிரேக்கர்கள் தானே என்று சிப்பாய் ஒருவர் கேட்க, இல்லை, நாங்கள் ரோமர்கள் என்று அந்தப் பிள்ளைகள் பதில் சொன்னார்களாம். பேரரசு போய் 459 ஆண்டுகள் கழித்து! இஸ்தான்புல்லில் கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்களுக்கு இன்றும் 'ரூம்' என்றுதான் பெயர். 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது, ஏறக்குறைய 12 லட்சம் பேர் துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்குக் கணக்கெழுதப்பட்டார்கள். இஸ்தான்புல்காரர்களுக்கு விலக்குக் கிடைத்தது; ஆனால் 1955 செப்டம்பர் கலவரத்துக்கும் பிந்திய கெடுபிடிகளுக்கும் பிறகு சில ஆயிரம் பேரே எஞ்சியிருக்கிறார்கள். அங்குள்ள மறைமுதுவரின் பட்டத்தில் இன்றும் 'புதிய ரோம்' உண்டு. இவர்களுடைய பெயருக்கு வேர் எது என்று பைசாண்டியம் என்ற சொல்லைப் படித்த பிள்ளைக்குத் தெரியாது.

மற்றொன்று, அந்தச் சொல் ஒரு வசையாகவே ஆகிவிட்டது. ஆங்கிலச் செய்தித்தாள்களில் அரசாங்க அலுவலகத்தின் சிக்கலான விதிமுறைகளைத் திட்டும்போது 'பைசண்டைன்' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். சூது, சதி, குழப்பம் என்பதெல்லாம் அதன் பொருள். சட்டத்தைத் தொகுத்துக் கொடுத்த அரசின் பெயர் சட்டக் குழப்பத்துக்கு அடைமொழியானது வேடிக்கைதான். 'ரோமச் சட்டம்' என்று ஐரோப்பா கொண்டாடும் தொகுப்பு உருவானதே கான்ஸ்டாண்டிநோபிளில்! நல்லது ரோமுக்கு, கெட்டது பைசாண்டியத்துக்கு என்று வரவுசெலவு எழுத ஒரு தனிப்பெயர் உதவியிருக்கிறது.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. வட இந்தியாவுக்குக் குடிவந்த நம்மில் 'மதராசி' என்று கூப்பிடப்படாதவர் யார்? திருநெல்வேலிக்காரரும் பாலக்காட்டுக்காரரும் மங்களூர்க்காரரும் குண்டூர்க்காரரும் ஒரே மதராசி. சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆனது. மெட்ராஸ் 1996-இல் சென்னையானது. கூப்பிடுகிறவர் வாயில் இன்னும் மதராசி போகவில்லை. பலர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனாலும் அந்தச் சொல் நாலு மொழியை, நாலு நாட்டு வரலாற்றை மூடி மறைத்துவிடுகிறது.

அதற்காக, வெளியார் வைத்த பெயர் எல்லாமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 'இந்தியா' என்பதே சிந்து நதியின் பெயரைப் பாரசீகரும் கிரேக்கரும் திரித்துச் சொன்னதுதான். அதை மனமார நம்முடையதாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். நாம் 'யவனர்' என்பதும் அப்படி வெளியிலிருந்து வைத்த பெயரே. ஆக, பெயரை யார் வைத்தார்கள் என்பதைவிட, அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பதே நியாயம்.

என் முடிவு

அப்படிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. ஒரு காலத்தின் கலைக்கும் கட்டடத்துக்கும் அடையாளமாகப் பைசாண்டியம் என்ற சொல் இருந்துவிட்டுப் போகட்டும். நூலகத்தில் புத்தகம் தேட வேண்டுமானாலும் அந்தச் சொல் தேவை. கால்டெல்லிஸ் தம் பெரிய நூலுக்குப் 'புதிய ரோமப் பேரரசு' என்று தலைப்பு வைத்துவிட்டு, துணைத்தலைப்பில் 'பைசாண்டிய வரலாறு' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அரசுக்கும் மக்களுக்கும் பெயராக அது பொருந்தாது. 'கிழக்கு ரோமப் பேரரசு' அல்லது 'பிற்கால ரோமப் பேரரசு' என்பதே சரி. பிற்கால முகலாயர் என்கிறோம். 1707-இல் ஔரங்கசீப்புக்குப் பின் அரசு சுருங்கிச் சுருங்கிச் செங்கோட்டைக்குள் அடங்கிவிட்டதே என்று பகதூர் ஷாவுக்கு வேறு வம்சப்பெயர் கொடுப்பதில்லை. 'பிற்கால' என்ற நாலெழுத்து அடைமொழி, மாற்றத்தையும் சொல்கிறது, தொடர்ச்சியையும் விட்டுக்கொடுக்கவில்லை.

பரீட்சைக்கு என்ன எழுதுவது? பாடநூல் பைசாண்டியம் என்றால் அந்தச் சொல்லை விடாமல் எழுத வேண்டியதுதான். திருத்துபவர் அதைத் தேடுவார். கூடவே ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள்: 476-இல் முடிந்தது மேற்கு ரோமப் பேரரசு, கிழக்கு ரோமப் பேரரசு 1453 வரை நீடித்தது, அதன் மக்கள் தங்களை ரோமர் என்றே அழைத்துக்கொண்டனர். இந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை.

விடுமுறையில் லக்னோ போகும் குடும்பங்கள், ரூமி தர்வாசாவின் அடியில் பிள்ளைகளை ஒரு நிமிடம் நிறுத்தி, "இந்த ரூமி யார் தெரியுமா?" என்று கேளுங்கள். ஜூலியஸ் சீசரிலிருந்து தொடங்கிப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்; வெயில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.